எடுக்காத சீட்டுகள்

எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் சீட்டுதான். ஜன்னலோர இருக்கை யாருக்கு, கடைசித் துண்டு கேக் யாருக்கு, யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை வந்தால் அப்பா சத்தம் போட மாட்டார். ஒரு காகிதத்தை எடுத்து, அடிக்கோல் வைத்து நான்கு துண்டாகக் கிழிப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு எண். அதை மடித்துத் தகர டம்ளரில் போட்டு, உள்ளங்கையால் மூடிக் குலுக்கி நீட்டுவார். அண்ணன் ஒன்று, அக்கா இரண்டு, நான் மூன்று, தங்கை நான்கு. ஊருக்குத்தான் எங்களுக்குப் பெயர்கள். அப்பாவுக்கு நாங்கள் எண்கள். "மூணு, இங்க வா" என்று அவர் கூப்பிட்டால்தான் என்னைக் கூப்பிட்ட மாதிரியே எனக்கு இருக்கும்.

அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவர். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன், எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்தவன் எல்லோரும் அவர் பெயரைக் கேட்டாலே கடையைச் சாத்திவிடுவார்கள். சின்ன வயதில் ஒரு கடைக்காரர் கொடுத்த மிட்டாயை நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன் என்பதற்காக, அடுத்த நாள் என்னை பஸ்ஸில் அழைத்துப் போய் அதே மாதிரி மிட்டாய் ஒன்றை அந்தக் கடைக்காரரிடம் கொடுக்க வைத்தார். அப்படிப்பட்டவர் குலுக்குகிற சீட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

சீட்டுக்கு இரண்டே விதிகள். பிறந்தோ கல்யாணமாகியோ குடும்பத்துக்குக் கடைசியாக வந்த ஆள்தான் எடுக்க வேண்டும். எடுத்த சீட்டைத் தவிர மற்றதை யாரும் பிரிக்கக் கூடாது. இரண்டாவது விதி அண்ணனால் வந்தது. எட்டு வயதில் மிச்சச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'என்னுதுதான் மேல இருந்துச்சு, அவ வேணும்னே அடியிலேருந்து எடுத்தா' என்று மூன்று நாள் அழுது தீர்த்தான். "எடை போட்டாச்சு, அப்புறம் என்ன தட்ட எட்டிப் பாக்கறது?" என்று அன்றோடு அப்பா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். மிச்சச் சீட்டுகளை அவரே வாங்கிச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டுவிடுவார். அதற்கப்புறம் எங்களில் ஒருவருக்கும் எடுக்காத சீட்டைத் தொடக்கூடத் தோன்றியதில்லை.

அம்மா இறந்த பிறகு அப்பா யாரோடு இருப்பது என்பதையும் இப்படித்தான் முடிவு செய்தோம். நான்கு வருஷத்துக்கு ஒருவர். டம்ளர் குலுங்கியது, அண்ணி எடுத்தாள், மூன்று விழுந்தது.

அந்த மாதம்தான் எனக்குக் கப்பல் வேலை கிடைத்திருந்தது. கடலை ஆராயப் போகிற கப்பல். ஒரு தடவை கிளம்பினால் திரும்ப ஆறு மாதம். அதில் உதவிச் சமையல்காரி. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முந்நூறு பேருக்கு உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், சிலருக்குப் பல்லில்லாமலும் தின்னக்கூடியதாகச் சமைத்துச் சமைத்து என் நாக்கே செத்துப் போயிருந்த நேரம். நல்ல பசியோடு வருகிற ஆட்களுக்கு ஒரு வேளையாவது உறைப்பும் உப்புமாகப் பொங்கிப் போட வேண்டும் என்பது எனக்கு வெறி மாதிரி. சீட்டு விழுந்ததும் கப்பலுக்கு 'வர இயலாது' என்று எழுதினேன். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அப்பாவை என் மாடிப் போர்ஷனுக்கு அழைத்து வந்தேன். இருந்த ஒரே படுக்கையறையை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் கட்டில் போட்டுக்கொண்டேன்.

பொய் சொல்லக் கூடாது, அந்த நான்கு வருஷத்தில் சந்தோஷமும் இருந்தது. அவரைக் குளிக்க வைப்பேன், சட்டைப் பித்தான் போட்டுவிடுவேன். கை நடுக்கம் வந்த பிறகு ஊட்டியும் விட்டேன். காய்கறிக்காரர் நிறுத்துப் போட்டுவிட்டுப் போனதும், பையைக் கையில் தூக்கிப் பார்த்து "அம்பது கிராம் கொறையுது" என்பார். அந்த நடுங்குகிற கைக்கு எடை மட்டும் தப்பாது. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். விழுந்த சீட்டு, நியாயமாக விழுந்தது, யாரையும் நோக முடியாது. அந்த நினைப்புத்தான் என்னைத் தாங்கியது.

இந்த மாதத்தோடு நான்கு வருஷம் முடிகிறது. கப்பலின் தலைமைச் சமையல்காரம்மா என்னை மறக்கவில்லை. போன வாரம் போனில் அழைத்து, "இந்தத் தடவ வர்றியா? புதன்கிழமை ஏறணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு" என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. மூன்றாவது தடவை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அண்ணனிடம் போனில் கேட்டேன். "நான் ஒரு தடவ பாத்தாச்சு. இந்தத் தடவ என் சீட்டப் போடாம விட்டுடலாமா?"

"அப்பாகிட்ட கேட்டேன்டி. சீட்டுக்கு ஞாபகம் கெடையாது, நாலு பேரும் இருக்கணும்னு சொல்லிட்டாரு" என்றான்.

அப்பா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். நான்கில் ஒரு பங்குதான் ஆபத்து. கப்பல் விஷயத்தை அப்பாவைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. எண் விழுவதற்கு முன்னால் தண்டோரா போட்டு அப்புறம் நாலு பேர் பரிதாபப்படுவது எனக்குப் பிடிக்காது.

நீண்ட வாரக்கடைசி அது, சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. எல்லோரும் அக்கா வீட்டில் கூடுவது, ஞாயிறு மதியம் சீட்டுப் போடுவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் பெட்டியை அடுக்கினேன். வேறு எண் விழுந்தால் அவர் அப்படியே அவர்களோடு போய்விட வேண்டும் என்பதால் துணிமணி, மருந்து, கண்ணாடி எல்லாவற்றையும் வைத்தேன்.

"கப்பல்ல எத்தன பேரு?" என்று கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"இருபத்தாறு பேருப்பா."

"அடுப்பு ஆடாது?"

"ஆடும். பாத்திரம் நகராம இருக்கச் சுத்திக் கம்பி வச்சிருப்பாங்க."

"பரவால்லியே." மடித்த சட்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "உனக்குக் கெடச்சா நல்லதுதாம்மா."

எண்ணை விட்டுவிட்டு 'அம்மா' என்று அவர் சொல்வது அபூர்வம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மடச்சி.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. பெட்டிகள், பந்து, மடக்குக் கட்டில், யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. மொத்தம் பதினான்கு பேர், ஒரே குளியலறை. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. குளியலறைக் கதவில் நேர அட்டவணை ஒட்டியிருந்தாள். ஆளுக்கு ஏழு நிமிஷம். எட்டாவது நிமிஷம் கதவைத் தட்டி, "பரீட்சையா எழுதற உள்ள?" என்பாள். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும், எதிரே குழந்தை ஓடினால் வலது காலை அழுத்தி பிரேக் போடுவான். தங்கை அழகு நிலையம் வைத்திருக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்புதான் கல்யாணம் ஆனது. அவள் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்காரர், சனிக்கிழமை கடையை மூட முடியாது என்பதால் மறுநாள் காலைதான் வருவதாக இருந்தார்.

அந்த சனிக்கிழமையைப் போல ஒரு நாள் என் ஆயுளில் வந்ததில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது. அடுப்படிப் பக்கம் என்னை யாரும் விடவில்லை. "வருஷம் பூரா சமைக்கிற, இன்னிக்காவது உக்காரு" என்று அண்ணி என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அப்பாவைக் குளிக்க வைக்க அண்ணனே போனான். ஏழு நிமிஷத்தில் முடியாமல் இருபது நிமிஷம் ஆயிற்று. அவன் சட்டை முழுக்க நனைந்து வெளியே வந்தபோது வீடே கைதட்டியது. தங்கை என் தலைக்கு எண்ணெய் தேய்த்து, முடியைத் திருத்தி, பத்து வயது குறைத்துவிட்டாள். மாடியில் தனியறை யாருக்கு என்று சீட்டுப் போட்டோம். புது மாப்பிள்ளை இன்னும் வராததால் அண்ணிதான் எடுத்தாள். பிரித்துப் பார்த்து, "மூணு!" என்று அறிவித்தாள். பாத்திரம் கழுவ நான்கு தடவை சீட்டுப் போட்டும் ஒரு தடவைகூட மூன்று வரவில்லை.

"அடிச்சுது பாரு அதிர்ஷ்டம்" என்று அண்ணன் என் முதுகில் தட்டினான்.

மதியம் இரண்டு காரில் பதினான்கு பேரும் அடைத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். அக்கா வீட்டுக்காரர் போன வேகத்தில் மரத்தடியில் படுத்தவர், கிளம்பும்வரை கண்ணைத் திறக்கவில்லை. மிதி படகில் அண்ணனும் நானும் ஏறினோம். அவன் ஒரு பக்கம் மிதிக்க நான் ஒரு பக்கம் மிதிக்க, படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. கரையில் நாற்காலியில் இருந்த அப்பா தொப்பியைத் தூக்கி ஆட்டினார். திரும்பி வரும் வழியில் அண்ணன் எனக்கென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கினான். அவன் எனக்கு எதையாவது வாங்கித் தந்து இருபது வருஷம் இருக்கும். அக்கா காரில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நம்மை இத்தனை பேர் இவ்வளவு ஆசையாக நினைக்கிறார்களே, நாம்தான் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று எனக்குக் குற்ற உணர்ச்சிகூட வந்தது. வெட்டப் போகிற ஆட்டுக்குத் தழை காட்டுவார்கள் என்று ஆடு யோசிக்குமா? நானும் யோசிக்கவில்லை, நன்றாக மென்றேன்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள மனிதர். எதையும் இரண்டு தடவை பார்ப்பார். உப்புச் சீசாவைக்கூடத் திருப்பி, ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டுத்தான் தூவிக்கொள்வார். மருந்துக்கடையில் ஒரு எழுத்து மாறினாலும் ஒரு உயிர் போய்விடும் என்று தங்கையிடம் அடிக்கடி சொல்வாராம்.

மதியச் சாப்பாடு முடிந்தது. குழந்தைகளை அண்ணி பந்தோடு பின்பக்கம் விரட்டினாள். பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா சாய்வு நாற்காலியில், மடியில் துண்டு, கையில் நறுக்கிய பழத்தட்டு. அவர் கை நடுங்குவதால் எண்ணை அக்காதான் எழுதினாள், உள்ளறை மேசையில். டம்ளரை அவளே குலுக்கிக்கொண்டு வந்தாள்.

"புது ஆள் எடுக்கட்டும்" என்றார் அப்பா.

மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று, கையை பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தார். என் இதயம் காதுக்குள் அடித்தது. ஒன்று, இரண்டு, நான்கு. ஒன்று, இரண்டு, நான்கு. வேறு எதுவும் வேண்டாம்.

"மூணு" என்றார்.

கூடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அண்ணன் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "உன் ராசி அப்படிடி. என்ன பண்றது, சீட்டு விழுந்துடுச்சு" என்றான். அக்கா என் கன்னத்தைத் தடவினாள். எனக்குள் ஒரு கப்பல் விளக்கெல்லாம் எரிய என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் சிரித்தேன். விழுந்தது விழுந்ததுதான். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நழுவியிருந்த தலையணையைச் சரி செய்து, "நம்ம வீட்டுக்கே போலாம்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார், தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் முகம் கழுவிக்கொள்ள உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது கூடம் கலகலத்துக்கொண்டிருந்தது. பாரம் இறங்கிய வண்டி மாதிரி எல்லோரும் லேசாக இருந்தார்கள். அண்ணன் ஏதோ ஜோக் சொல்ல, தங்கை மூச்சுத் திணறச் சிரித்தாள். சிரிப்பில் மாப்பிள்ளையை ஒருவரும் கவனிக்கவில்லை. டம்ளர் இன்னும் அவரிடம்தான் இருந்தது. அப்பா அதற்காகக் கையை நீட்டியிருந்தார், மாப்பிள்ளை பார்க்கவில்லை. மிச்ச மூன்று சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவி, வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது விதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்லித் தருவார்களா? எங்களுக்கு அது அப்படித்தான். சொல்ல வேண்டும் என்றே ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

"அக்கா," என்று என்னைப் பார்த்து வெள்ளையாகச் சிரித்தார், "இது என்ன ஆட்டம், எனக்குப் புரியல. எல்லாத்துலயும் மூணுதானே எழுதியிருக்கு?"

நான் போய் அந்தச் சீட்டுகளைப் பார்த்தேன். தலை தட்டையான மூன்று, அக்கா கரும்பலகையில் எழுதுகிற மூன்று. நான்கும் ஒரே மாதிரி.

முதலில் அண்ணன்தான் சிரித்தான். "சும்மா... ஒரு வெளையாட்டுக்கு."

"என்ன வெளையாட்டு?"

"விடுடி. எப்படியும் உனக்குத்தான் அப்பாவோட சாப்பாடு, மருந்து எல்லாம் தெரியும். நாங்க என்னத்தக் கண்டோம்? நேத்து ஒரு தடவ குளிக்க வைக்கறதுக்குள்ள என் உயிர் போச்சு."

"நேத்து அதத்தான் சோதன பண்ணிப் பாத்தியா?"

அவன் வாங்கித் தந்த புதுச் செருப்பை ஆசையில் வீட்டுக்குள்ளேயும் போட்டிருந்தேன். கழற்றினேன். மாடித் தனியறை, பாத்திரம் கழுவ வராத எண், தோளை அழுத்திய கை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. நேற்று அண்ணி சீட்டைப் பிரித்து "மூணு" என்று கத்தினாளே தவிர, காகிதத்தை யாருக்கும் காட்டவில்லை. என் தலையில் மிளகாய் அரைத்தது போதாதென்று எண்ணெய் வேறு தேய்த்திருக்கிறார்கள்.

"உனக்கும் தெரியுமா?" என்று தங்கையைக் கேட்டேன். அவள் தன் நகத்தைப் பார்த்தாள். அந்த மாப்பிள்ளை ஒருவர் மட்டும் நிஜமாகவே நடுங்கிப் போய், சீட்டுகளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார், மடித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது போல.

அக்கா அழ ஆரம்பித்தாள். "நீ கப்பலுக்குப் போயிட்டா ஆறு மாசம் திரும்ப மாட்டியே. நாங்க யாரும் சமாளிக்க முடியாதுடி. எனக்கு ஸ்கூல் இருக்கு..."

"கப்பலா?" என்றேன். "கப்பல் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

அழுகை நின்றுவிட்டது. அவள் கண் அவளையறியாமல் அப்பா பக்கம் போய், சட்டென்று திரும்பி வந்தது. ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது. ஆனால் அந்த ஊசி இதுவாக இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"அப்பா" என்றேன்.

அவர் ஒரு பழத்துண்டை மென்று விழுங்கினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் தராசைத் தட்டிப் பார்த்த மனிதர். வேலியே பயிரை மேய்வது என்று சும்மா வாயில் சொல்கிறோம். அது நம் வயலில் நடக்கும்போது நிற்கக்கூட முடியாது போல இருந்தது. நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்களா சொன்னீங்க?"

"ஆமா."

"ஏம்ப்பா?"

"மத்தவங்க வீட்ல ஒரு வாய் தண்ணி வேணும்னாலும் நான் கேக்கணும். கேக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும்." குரல் அமைதியாக இருந்தது, சட்டப் பிரிவைப் படித்துக் காட்டுவது போல. "உன் வீட்ல கேக்காமலே வருது."

இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதைவிடப் பெரிய அடியும் விழுந்ததில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே நேரத்தில். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. கேட்க வேண்டாம் என்று ஒரு மனம் கெஞ்சியது. கேட்டேன்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடியும்?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். தட்டின் மேல் அவை ஆடிக்கொண்டிருந்தன.

"அப்ப என் கை நடுங்கல" என்றார். "நானே எழுதுனேன்."

பின்பக்கம் குழந்தைகள் யாரோ அவுட் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்கே புதிது என்று முகத்தில் தெரிந்தது. அவர்களும் நான்கு வருஷமாக அது நியாயமான சீட்டு என்றுதான் நம்பியிருக்கிறார்கள். அப்படியானால் அன்றைக்கு அந்த வீட்டில் தெரிந்தவர் அவர் ஒருவர் மட்டும். மிச்ச மூன்று சீட்டுகளையும் வாங்கி, எங்கள் கண்முன்னால் சுக்கு நூறாகக் கிழித்தாரே, அந்தக் கை நடுங்காத கை.

கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. கண்ணீரும் சளியுமாக, நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை தரையில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதேன்.

"என்னக் கேட்டிருக்கலாமேப்பா. மூணு, நான் உங்கூட இருக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் வச்சுப் பாத்திருக்க மாட்டேனா?"

"கேட்டா, நீ முடியாதுன்னு சொல்லலாமில்ல?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லலாமில்ல" என்றார் மறுபடியும்.

அதுதான் விஷயம். நான் மறுப்பேன் என்று அவர் நினைக்கவில்லை. மறுக்கக்கூடிய இடத்தில் நான் இருப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. நான் கொடுத்திருப்பேன். கையை நீட்டியிருந்தால், நான்கு வருஷம் என்ன, நாற்பது வருஷம் கொடுத்திருப்பேன். ஆனால் கொடுக்கிற சந்தோஷத்தைக்கூட எனக்கு விட்டு வைக்காமல், என் பையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். இனிமேல் அந்த வருஷங்களைத் திரும்பிப் பார்த்து, நான் என் அப்பாவுக்குச் செய்தேன் என்று சொல்ல முடியாது. என்னிடமிருந்து செய்து வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் பாசம் என்பது மானங்கெட்டது. முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, முட்டி போட்டு நகர்ந்து, அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். பிடித்ததும் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. எப்போதும் அப்படித்தான்.

"சரி, இப்பக் கேளுங்க" என்றேன். "நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்னப் பாத்து, எங்கூட இரும்மான்னு கேளுங்க. நான் கப்பலுக்குப் போகல. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன். எனக்கு வேற எதுவும் வேணாம்ப்பா. ஒரு தடவ கேளுங்க, போதும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கேட்டிருந்தால் இருந்திருப்பேன். கூடத்தில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அக்கா, "கேளுங்கப்பா" என்று கிசுகிசுத்தாள். அவர் உதடு அசைந்தது. என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மாப்பிள்ளையின் மடியில் கிடந்த டம்ளரைப் பார்த்தார்.

"அதான் சீட்டு விழுந்துடுச்சே, மூணு" என்றார்.

நான் அவர் கைகளை மெல்ல எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். எழுந்தேன். மாடிக்குப் போய் என் பையை எடுத்துக்கொண்டேன். அவருடைய பெட்டி அதன் பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில், அண்ணனுக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் சம தூரத்தில் வைத்தேன். வாசலில் வெறுங்காலோடு நின்று என் பழைய செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தேன். தடுக்கத் தைரியம் வேண்டுமே.

பஸ் நிறுத்தம் தெருமுனையில்தான் இருந்தது. நடந்துகொண்டே போனை எடுத்து, தலைமைச் சமையல்காரம்மாவிடம், "புதன்கிழமை வந்துடறேன்" என்றேன். "அழறியா?" என்று கேட்டார். ஜலதோஷம் என்றேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா ஓடி வந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்க, கையில் அப்பாவின் பழத்தட்டோடு. மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, போகட்டும், கேட்டால் கட்டிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"ஏய், அப்பா ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாரு?" என்றாள்.

பஸ் வந்துவிட்டது.

"அவரையே கேளு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.